குளிரில் உருமாறும் ஓநாய்கள்: ‘ஷிவர்’ தொடர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க எழுத்தாளர் மகி ஸ்டீவாட்டர் இளவயதினருக்காக எழுதிய ‘ஷிவர்’ தொடரை, மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஆங்கில நாவல்களை வாசிக்கப் பழகிவரும் உயர்தர மாணவர்கள் சிலர் கையிலெடுத்திருக்கிறார்கள். அவர்களும், பிள்ளை என்ன வாசிக்கிறது என்று அறிய விரும்பும் பெற்றோரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதப்பட்டிருக்கிறது. கதையின் முக்கியமான திருப்பங்களைச் சொல்லாமல் இப்பாத்திரங்களைப் பற்றிப் பேச இயலாது. ஆகவே, முடிவு தெரியாமல் வாசிக்க விரும்புவோர் முதல் மூன்று பதில்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தொடரில் எத்தனை நூல்கள் உள்ளன, எந்த ஒழுங்கில் வாசிக்க வேண்டும்?

‘ஷிவர்’ 2009 இலும், ‘லிங்கர்’ 2010 இலும், ‘ஃபாரெவர்’ 2011 இலும் வெளிவந்தன. இம்மூன்றும் சேர்ந்து ஒரே கதை என்பதால் இதே ஒழுங்கில்தான் வாசிக்க வேண்டும். 2014 இல் வந்த ‘சின்னர்’ இரண்டு துணைப் பாத்திரங்களைத் தொடர்ந்து செல்லும் தனிக்கதை. அமெரிக்கக் கெட்டி அட்டைப் பதிப்பில் முதல் நூல் நீல மையிலும், இரண்டாவது பச்சை மையிலும், மூன்றாவது சிவப்பு மையிலும் அச்சிடப்பட்டன. ஒளிப்படப் பிரதியில் வாசிப்பவருக்கு இது தெரியவராது.

கதை எதைப் பற்றியது?

மினசோட்டா மாநிலத்தில் உள்ளதாகக் கற்பனை செய்யப்பட்ட மேர்சி ஃபோல்ஸ் என்ற சிற்றூரில் கதை நடக்கிறது. கிரேஸ் பிரிஸ்பேன் சிறுமியாக இருந்தபோது, வீட்டின் பின்புறத்து ஊஞ்சலிலிருந்து ஓநாய்கள் அவளைக் காட்டுக்குள் இழுத்துச் சென்றன. அவற்றுள் மஞ்சள் கண் கொண்ட ஓர் ஓநாய் அவளைக் காப்பாற்றியது. அதற்குப் பின்பு ஒவ்வொரு மாரியிலும் காட்டோரத்தில் வந்து நிற்கும் அந்த ஓநாயைப் பார்த்தபடியே அவள் வளர்கிறாள். பதினேழாம் வயதில், துப்பாக்கிச் சூடு பட்டு அவளது வீட்டு வாசலில் விழுந்துகிடக்கும் இளைஞனின் கண்களைப் பார்த்ததும் அவன் யார் என்பது அவளுக்குப் புரிந்துவிடுகிறது. அந்த இளைஞன் சாம் ரோத். காதல் கதை என்றே இத்தொடர் விற்கப்படுகிறது. ஆனால் ஒருவரது வாழ்வை இன்னொருவர் தீர்மானிக்கலாமா என்ற கேள்வியே இதை நான்கு நூல்களுக்கு இழுத்துச் செல்கிறது என்பது என் எண்ணம்.

பூரணை நாளில் உருமாறுவார்களா?

இல்லை. இத்தொடரில் நிலவுக்கு வேலையே கிடையாது. வெள்ளிக் குண்டு, கோரப் பற்கள், இரண்டு காலில் நடக்கும் பாதி மிருகம் ஆகிய எவையும் இங்கே இல்லை. மாறியவர் காட்டிலுள்ள மற்ற ஓநாய்களைப் போன்ற ஓநாயாகவே இருப்பார். பூரணை இரவில் பாடும் மீனைக் கேட்கக் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போகிறவர்களுக்கு இது சிறிது ஏமாற்றமாக இருக்கலாம். ரோமக் கவிஞர் ஓவிட் கூறும் பழங்கதையில் லைக்கயான் மன்னன் யூப்பிற்றர் கடவுளின் தண்டனையாக ஓநாயாகிறான். அங்கும் நிலவுக்குப் பங்கில்லை.

அப்படியானால் எது அவர்களை மாற்றுகிறது?

குளிர். கடிபட்டவர் வெப்பமான மாதங்களில் மனிதராகவும் குளிர் மாதங்களில் ஓநாயாகவும் இருப்பார். முதல் நூலின் அத்தியாயத் தலைப்புகளில் பேசுபவரின் பெயரோடு அன்றைய வெப்பநிலையும் ஃபரனைற்றில் அச்சிடப்பட்டிருப்பதற்குக் காரணம் இதுதான். நீர் உறையும் நிலை 32 பாகை ஃபரனைற் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், 38 பாகை என்ற தலைப்பைக் கண்டதும் சாமுக்கு ஆபத்து நெருங்குகிறது என்பது விளங்கும். குளிர் கால்சட்டையும் கையுறையும் அணிந்து, வாகனத்தில் வெப்பமூட்டியைப் போட்டுக்கொண்டு அவன் மனிதனாகத் தங்கப் போராடும் பக்கங்களில் அந்த எண்களே பயத்தை ஏற்றுகின்றன.

இந்த விதியின் கொடுமை வேறோர் இடத்தில் இருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல மனிதராக இருக்கும் காலம் குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் கோடை வந்தாலும் அவர் மீளமாட்டார், சாகும்வரை ஓநாய்தான். ஓநாயாக இருக்கும்போது பெயரும் மொழியும் உறவும் நினைவில் நிற்பதில்லை. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன தாய் விடுமுறையில் வந்து நிற்கும் சில கிழமைகளை எண்ணி எண்ணி வளர்ந்த பிள்ளைகள் எங்கள் மாவட்டங்களில் எத்தனையோ பேர். மனிதனாக மீளும் மாதங்களைச் சாம் கணக்கிடும் முறையை அவர்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. தாயாவது தொலைபேசியில் பேசுவாள், சாம் ஓநாயாகிவிட்டால் கிரேஸிடம் பேச அவனுக்குச் சொல்லே இருக்காது.

மட்டக்களப்பில் குடியேறியிருந்தால் சாமுக்குப் பிரச்சினையே வந்திருக்காதல்லவா?

மாணவர்கள் சிரித்துக்கொண்டே கேட்கும் கேள்வி இது. ஆனால் நல்ல கேள்வி. மினசோட்டாவின் வடபகுதியில் மாரிக் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை செல்சியஸையும் தாண்டி இறங்கும். மட்டக்களப்பில் வாடைக்காற்று வீசும் மார்கழி தை மாதங்களில், எல்லோரும் கூதல் என்று போர்த்துக்கொண்டு படுக்கும் விடியற்காலையில்கூட, வெப்பமானி 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. முதல் நூலின் விதியை மட்டும் வைத்துப் பார்த்தால் சாம் இங்கே ஆண்டு முழுவதும் மனிதனாகவே இருந்திருப்பான். குளிரூட்டப்பட்ட பஸ்ஸில் கொழும்புக்குப் போகும்போது மட்டும் கவனமாக இருந்திருக்க வேண்டும்.

இரண்டாம் நூல் இந்த எளிய விடையைக் குழப்பிவிடுகிறது. புதிதாகக் கடிபட்ட கோல், குளிர் இருக்கும்போதே மனிதனாகத் திரும்பிவிடுகிறான். அவனது நண்பன் விக்டர் நிலைகொள்ளாமல் மாறி மாறி அவதிப்பட்டு இறுதியில் இறந்துவிடுகிறான். ஆகவே குளிர் ஒரு தூண்டுகோல் மட்டுமே, நோய் உடலுக்குள் இருக்கிறது என்ற முடிவுக்குப் பாத்திரங்கள் வருகிறார்கள். முதல் நூலின் இறுக்கமான விதி இவ்வாறு தளர்ந்தது கதைக்கு நல்லதா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. வெப்பமானியைப் பார்த்துப் பதறிய வாசகர் அதன் பிறகு எதைப் பார்த்துப் பதறுவது?

கிரேஸும் கடிபட்டவள்தானே, அவள் ஏன் மாறவில்லை?

கடிபட்ட சில நாட்களில் அவளது தந்தை அவளைப் பூட்டிய காருக்குள் மறந்து விட்டுவிட்டுப் போய்விடுகிறார். வெயிலில் கார் கொதித்து, சிறுமி சாவின் விளிம்புவரை போய்த் திரும்புகிறாள். அந்தக் கடும் வெப்பம் அவளுக்குள் இருந்த ஓநாயை அடக்கிவிட்டது என்பது முதல் நூலின் ஊகம். தந்தையின் கவனக்குறைவு மகளைக் காப்பாற்றியது என்ற இந்த முரண், ஆசிரியரின் நல்ல கண்டுபிடிப்புகளில் ஒன்று. எனினும் அது முழுக் குணம் அல்ல. ‘லிங்கர்’ நூலில் அவளுக்குக் காய்ச்சலும் மூக்கிலிருந்து இரத்தமும் வரத் தொடங்குகின்றன. நூலின் முடிவில் அவளும் ஓநாயாகிறாள். முதல் நூலில் கிரேஸ் மனித உலகில் காத்திருக்க, சாம் காட்டுக்குப் போவான் என்று பயந்த நாம், மூன்றாம் நூலில் இருவரும் இடம் மாறி நிற்பதைக் காண்கிறோம்.

சாம் ஏன் குளியல் தொட்டியைக் கண்டு நடுங்குகிறான்?

ஏழு வயதில் கடிபட்டு அவன் முதன்முறை உருமாறியபோது, பெற்ற தாயும் தந்தையும் பிள்ளைக்குள் பிசாசு புகுந்துவிட்டதாக எண்ணி, தொட்டியில் வைத்து அவனது மணிக்கட்டுகளை அறுத்தார்கள். அவன் பிழைத்தான், பெற்றோர் சிறை சென்றார்கள். அந்தத் தழும்புகளோடு வளர்ந்தவன் புத்தகக் கடையில் வேலை செய்கிறான், கிற்றார் வாசிக்கிறான், பாட்டு எழுதுகிறான், காகிதக் கொக்கு மடிக்கிறான், ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கேயை வாசிக்கிறான். ஓநாய் மனிதன் என்றால் மூர்க்கமானவன் என்று எதிர்பார்த்து வரும் ஆண் மாணவர்களுக்கு இவன் சலிப்பூட்டுவதுண்டு. வாழ்வின் பாதியைச் சொல்லற்ற மிருகமாகக் கழிப்பவன் மீதிப் பாதியில் சொற்களைச் சேர்த்து வைக்கிறான் என்று பார்த்தால் அந்தக் கவிதைப் பித்து பொருத்தமாகவே இருக்கிறது. அவனுடைய பாடல் வரிகள் எல்லாமே நல்லவை என்று சொல்லமாட்டேன்.

பெக் நல்லவரா, கெட்டவரா?

இத்தொடரைப் பற்றி அதிகம் வாதாட வேண்டிய இடம் இதுதான். பெக் சட்டத்தரணி, ஓநாய்க் கூட்டத்தின் தலைவர், சாமை எடுத்து வளர்த்த தந்தை. தாய்வழிக் குடியைக் கேட்டே கல்யாணம் பேசவும் கோயிலில் முறை பிரிக்கவும் பழகிய எங்கள் பகுதி வாசகருக்கு, இரத்த உறவே இல்லாதவர்கள் ஒரு கடியால் மட்டும் ஒரே வீட்டுக்காரராகி, ஒருவருக்கொருவர் உணவு வாங்கி வைத்து, மாறித் திரும்புவோருக்கு உடை மடித்து வைத்து வாழும் பெக்கின் வீடு வியப்பாகவே இருக்கும். சாமுக்கு வாசிப்பும் இசையும் பண்பும் அந்த வீட்டில்தான் கிடைத்தன.

ஆனால் பெக் தமது கடைசி மனிதக் கோடை முடிகிறது என்று உணர்ந்ததும், கூட்டத்தைப் பராமரிக்க இளையவர் வேண்டும் என்று புதியவர்களைத் தேடிச் சென்று கடித்து, கட்டிய நிலையில் வாகனத்தின் பின்புறத்தில் கொண்டுவருகிறார். இதைக் கண்டுபிடிக்கும் சாமின் உலகம் அப்போதே ஆட்டம் காண்கிறது. சாமைக் கடித்ததும் தற்செயல் அல்ல, அதுவும் பெக்கின் தீர்மானம் என்பது பின்னர் தெரியவருகிறது. பெற்றோர் கொல்ல முயன்ற பிள்ளையைக் காத்தவரே அந்தப் பெற்றோரைப் பைத்தியமாக்கிய காரியத்தையும் செய்தவர்.

அன்பாக வளர்த்ததால் கடித்த குற்றம் கழிந்துவிடுமா? கழியாது என்பது என் பதில். சாம் அவரை முற்றாக வெறுக்காமல் இருப்பதும் எனக்குப் பொய்யாகப் படவில்லை. ஏழு வயதுப் பிள்ளையிடம் சம்மதம் கேட்க முடியாது என்பதைச் சட்டத்தரணியான பெக் அறியாதவர் அல்ல. எல்லாப் பாத்திரங்களையும் இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம். சாமும், கிரேஸின் பள்ளியில் படிக்கும் ஜாக்கும் கேட்காமலே கடிபட்டவர்கள். கிரேஸின் தோழி ஒலிவியா மனிதராக மீட்கும் மருந்தை மறுத்துவிட்டுக் காட்டைத் தெரிவு செய்கிறாள். கோல் ஓநாயாக வேண்டும் என்று தானே கேட்டு வருகிறான்.

கோல் செயின்ட் கிளேர் ஏன் தானாகவே கடிபட விரும்பினான்?

புகழ்பெற்ற ரொக் இசைக்குழுவின் பாடகனான அவன் போதைப்பொருளிலும் தன்வெறுப்பிலும் மூழ்கி, சாக விரும்பிய நிலையில் பெக்கைச் சந்திக்கிறான். தன்னை மறக்க ஓநாய் உடல் உதவும் என்பதே அவனது கணக்கு. சாம் நினைவு இழப்பதைச் சாவாகக் கருத, கோல் அதையே வரமாகக் கேட்கிறான். இருவரையும் ஒரே வீட்டில் வைத்தது இரண்டாம் நூலின் பலம். மூன்றாம் நூலில், விஞ்ஞானியின் மகனான கோல் தன் உடலிலேயே பரிசோதனை செய்து நோயின் இயல்பை ஆராயத் தொடங்குகிறான். தொடரில் மிக அதிகம் வளரும் பாத்திரம் இவன்தான்.

இசபெல் கல்பெப்பர் இவனுக்கு ஏற்ற துணை. பணக்கார வீட்டுப் பெண், கூர்மையான நாக்கு, சகோதரன் ஜாக்கின் மரணத்துக்குத் தான் பொறுப்பு என்ற குற்ற உணர்வு ஆகியவற்றோடு அவள் வரும் அத்தியாயங்களில் கதை சுறுசுறுப்படைகிறது.

ஷெல்பி?

வெள்ளை ஓநாய். மனித வாழ்வில் பட்ட காயங்களால் ஓநாயாக இருப்பதையே விரும்புபவள், சாமைத் தனக்கென்று எண்ணுபவள். ‘ஃபாரெவர்’ நூலின் சிறு தொடக்கப் பகுதியைத் தவிர அவளுக்குச் சொந்தக் குரல் தரப்படாதது தொடரின் குறை.

மூளைக்காய்ச்சலால் குணப்படுத்துவது மருத்துவ ரீதியில் உண்மையா?

கிரேஸைக் காரின் வெப்பம் காத்தது என்றால், கடும் காய்ச்சலை வருவித்து மற்றவர்களையும் காக்கலாம் என்று கிரேஸும் இசபெலும் எண்ணுகிறார்கள். இசபெலின் தாய் பணியாற்றும் மருத்துவ நிலையத்திலிருந்து மூளைக்காய்ச்சல் நோயாளியின் இரத்தத்தை எடுத்து ஜாக்குக்கும் சாமுக்கும் ஏற்றுகிறார்கள். சாம் பிழைத்து மனிதனாக மீள்கிறான், ஜாக் இறந்துபோகிறான். பக்ரீறியாவால் வரும் மூளைக்காய்ச்சல் உடனடிச் சிகிச்சை இல்லாவிட்டால் உயிரைக் குடிக்கும் நோய். ஜாக்கின் முடிவே மருத்துவத்துக்கு நெருக்கமானது. நோயாளியின் இரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றுவது எக்காரணம் கொண்டும் செய்யத் தகாதது.

ஆயினும் காய்ச்சலால் நோயை எரிப்பது என்ற எண்ணம் நாவலுக்காகப் பிறந்ததல்ல. வியன்னாவின் மனநோய் வைத்தியர் வாக்னர் யவுரெக் 1917 இல், சிபிலிஸ் முற்றி மூளையைத் தாக்கிய நோயாளிகளுக்கு மலேரியா நோயாளியின் இரத்தத்தை ஏற்றினார். மலேரியாக் காய்ச்சலின் வெப்பம் பலரது நோயைத் தணித்தது. பின்பு குயினைன் கொடுத்து மலேரியாவை அடக்கினார். சிலர் மலேரியாவாலேயே இறந்தார்கள். அந்தச் சிகிச்சைக்காக அவருக்கு 1927 இல் நோபல் பரிசு கிடைத்தது. 1940 களில் பெனிசிலின் பரவிய பின்னர் அந்த முறை கைவிடப்பட்டது. இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் 2016 இல் அறிவிப்பதற்கு முன்பு, கிழக்கில் மலேரியா நடுக்கத்தை அனுபவித்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அந்தக் காய்ச்சல் எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். அதை மருந்தென்று ஏற்க எவ்வளவு துணிவு வேண்டும் என்பது விளங்கும்.

கூட்டத்தில் ஒரு தலைவன் ஓநாய் உண்மையிலேயே இருக்குமா?

தலைமை ஓநாய் சண்டையிட்டு மற்றவற்றை அடக்கி ஆள்கிறது என்ற கருத்து, அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களை அவதானித்து ருடோல்ஃப் ஷெங்கெல் 1947 இல் எழுதிய ஆய்விலிருந்து பரவியது. மினசோட்டாவில் நெடுங்காலம் ஓநாய்களை ஆராய்ந்த டேவிட் மெக் 1970 இல் வெளியிட்ட நூல் அதைப் பிரபலமாக்கியது. 1999 இல் அவரே, காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாயும் தந்தையும் அவற்றின் குட்டிகளும் கொண்ட குடும்பம்தான் என்று எழுதினார். நாவலில் தலைமைப் போட்டி பழைய பாணியில் வருகிறது. ஆனால் பெக்கின் வீடு என்னவோ மெக் சொல்லும் குடும்பத்துக்குக் கிட்ட வருகிறது. இலங்கையில் ஓநாய் கிடையாது. அந்த இனக் குடும்பத்தில் இங்கே காட்டில் வாழ்வது நரி மட்டும்தான்.

ஊரார் ஓநாய்களைச் சுட நினைப்பது அவ்வளவு பெரிய பிழையா?

மகன் ஜாக்கை ஓநாய்கள் கொன்றுவிட்டன என்று நம்பும் டொம் கல்பெப்பர் அவற்றை ஹெலிகொப்டரில் வந்து சுட ஏற்பாடு செய்கிறார். அமெரிக்காவின் பெரும்பகுதியில் ஓநாய்கள் அழிக்கப்பட்டபோதும் வடகிழக்கு மினசோட்டாவில் அவை எஞ்சின என்பதும், 1974 இல் அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது என்பதும் தெரிந்தால் அந்த வாதத்தின் சூடு புரியும். வயலுக்குள் யானை இறங்கும் அம்பாறைக் கிராமத்தவர் டொம்மின் கோபத்தை ஆசிரியரைவிட நியாயமாகப் பார்க்கக்கூடும். நாவல் அவரை வில்லனாக்கி வேலையை எளிதாக்கிக்கொண்டது. பிள்ளையை இழந்த தகப்பன் என்ற பக்கம் இன்னும் எழுதப்பட்டிருக்கலாம்.

இது மந்திர தந்திர நூலா? பிள்ளைகளின் சமய நம்பிக்கையைக் கெடுக்குமா?

மட்டக்களப்பார் விருந்தாளியை மந்திரத்தால் பாயோடு ஒட்டிவிடுவார்கள் என்று வெளியூரார் பகிடி பண்ணும் நாட்டில் இக்கேள்வி வருவது இயல்பே. நூலில் மந்திரவாதியோ பேயோ வழிபாடோ இல்லை. உருமாற்றம் தொற்றுநோயாகவே கையாளப்படுகிறது. பாண்டிருப்புத் தீப்பள்ளயம் என்ற தீமிதி விழாவில் பாரதம் கேட்டு வளர்ந்தவருக்கு, மான் உருவில் இருந்த கிந்தம முனிவரைப் பாண்டு அம்பெய்து கொன்று சாபம் பெற்ற கதை தெரியும். மிருக உடலுக்குள் மனிதர் இருக்கலாம், அதைக் கொன்றால் பழி வரும் என்பது எங்களுக்குப் புதிய கற்பனை அல்ல.

எந்த வயதில் வாசிக்கலாம்?

பதினைந்து வயதுக்கு மேல் என்பது என் பரிந்துரை. இரத்தக் காட்சிகளைக் காட்டிலும், பெற்றோர் பிள்ளையைக் கொல்ல முயல்வது, கோலின் தற்கொலை எண்ணம், போதைப் பழக்கம் ஆகியவையே கனமானவை. கிரேஸின் அறையில் சாம் பெற்றோருக்குத் தெரியாமல் இரவில் தங்குகிறான். நெருக்கம் விவரமாக எழுதப்படவில்லை, ஆனால் மறைக்கப்படவும் இல்லை. ஓவியம் வரையும் தாயும் எப்போதும் வெளியே இருக்கும் தந்தையும் மகளைக் கவனிப்பதே இல்லை, சமையலையும் அவளே பார்த்துக்கொள்கிறாள். பிறகு திடீரென்று அதிகாரம் செலுத்த முயலும்போது அவள் எதிர்த்து நிற்கிறாள். இந்த இடத்தில் பிள்ளைகளும் பெற்றோரும் ஒரே பக்கத்தை வாசித்து இருவேறு தீர்ப்புச் சொல்வார்கள். பேசிப் பார்ப்பது தடை செய்வதைவிடப் பயன் தரும். கோலின் பகுதிகளை வாசிக்கும் பிள்ளை தன்னைப் பற்றி அப்படிப் பேசத் தொடங்கினால், தேசிய மனநல உதவி இலக்கமான 1926 ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

ஆங்கிலம் கடினமா?

கடினமல்ல. பாத்திரங்கள் ‘நான்’ என்று தாமே கதை சொல்கிறார்கள், அத்தியாயங்கள் சிறியவை. முதல் நூலில் கிரேஸ், சாம் என இருவர் குரல். அடுத்த இரண்டில் கோலும் இசபெலும் சேர்ந்து நால்வர். யார் பேசுகிறார் என்பதைத் தலைப்பைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு தொடங்கினால் குழப்பம் வராது.

‘ஃபாரெவர்’ நூலின் முடிவு ஏன் தெளிவாக இல்லை?

கிரேஸ் காட்டில் இருக்க, ஊரில் அவள் காணாமல்போனவளாகக் கருதப்படுகிறாள். பொலிஸ் சாமைச் சந்தேகிக்கிறது. அவள் உயிரோடு இருப்பதை அறிந்தும் அவனால் சொல்ல முடியவில்லை. காணாமல்போனவர்களின் படத்தைக் கையில் ஏந்தி நிற்கும் தாய்மாரைக் கண்டு வளர்ந்த எங்களால் இந்த அத்தியாயங்களை வெறும் துப்பறியும் திருப்பமாக வாசிக்க இயலாது. கிரேஸின் பெற்றோர் மீது முதன்முறையாக இரக்கம் பிறப்பதும் இங்கேதான். வேட்டைக்கு முன்பாக ஓநாய்களை வேறிடத்துக்கு நடத்திச் செல்லும் முயற்சியில் பெக்கும் ஷெல்பியும் உயிரிழக்கிறார்கள். எஞ்சியவை தப்புகின்றன. நிலையான மருந்து கிடைத்ததா என்பதை ஆசிரியர் உறுதியாகச் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார். பலருக்கு இது குறை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இம்முறை ஆபத்தான மருந்தை ஏற்பதா என்பதை எவரும் சாமுக்காகத் தீர்மானிக்கவில்லை, அவனே யோசிக்கிறான். பெக் ஏழு வயதில் பறித்தது அதுதானே.

‘சின்னர்’ கட்டாயம் வாசிக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. கோலும் இசபெலும் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் மீண்டும் சந்திக்கிறார்கள். தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றுக்காகக் கோல் கமராக்களுக்கு நடுவே இசைத்தட்டு உருவாக்குகிறான். ஓநாய்ப் பகுதி மிகக் குறைவு. கிரேஸையும் சாமையும் தேடிப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். கோலைப் பிடித்தவர்கள் முதல் மூன்றை முடித்த கையோடு இதையும் எடுக்கலாம்.